கிச்சாப் ஐஸ் தின்று முடிக்கும் வரை

1

தீபாவளி முடிந்த கையோடு ஒரு ஞாயிற்றுக்கிழமை, சாத்தூரிலிருந்து என் தம்பி பால்பாண்டி போனில் கூப்பிட்டான்.

"என்னண்ணே செஞ்சுக்கிட்டு இருக்கீக?"

"நாய்க்கு ஐஸ் எடுத்து வச்சுக்கிட்டு இருக்கேன்டா."

"நாய்க்கா?"

"ஆமா. கோழி வேகவச்ச தண்ணி, உள்ள கொஞ்சம் மஞ்சப் பூசணிக்காய். நேத்தே உறைய வச்சிட்டேன்."

"அண்ணே, மதினி பக்கத்துல இருக்காகளா? போன ஒரு நிமிசம் அவுககிட்ட குடுங்களேன்."

எனக்குப் புத்தி பிசகிவிட்டதா என்று செல்வியிடம் விசாரிக்கப் பார்க்கிறான், பயல். "சரிடா, உருகுது, வச்சிர்றேன்" என்று வைத்துவிட்டேன். மொத்தம் ஒன்றரை நிமிடம் பேசியிருப்போம். எங்கள் இருவருக்கும் அதுதான் வழக்கமான அளவு.

அவனிடம் சொல்லாமல் விட்டதை ஊரில் இருக்கும் எல்லோருக்குமாகச் சேர்த்து இங்கே எழுதிவிடுகிறேன். நான் பினாங்குக்கு வந்து இந்தத் தை மாதத்தோடு இருபத்திரண்டு வருஷம் முடிகிறது. வந்தது தொழிற்சாலையில் இயந்திரம் பழுதுபார்க்கும் வேலைக்கு. இன்றைக்கும் அதே வேலை, தலையில் முடி மட்டும் இல்லை. இத்தனை வருஷத்தில் என்னப்பா சாதித்தாய் என்று யாராவது கேட்டால், பினாங்கு வெயிலில் நாற்பது நிமிடம் தாக்குப்பிடிக்கும் நாய் ஐஸ் ஒன்றைக் கண்டுபிடித்திருக்கிறேன் என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்வேன். சிரிக்காதீர்கள். அந்த நாற்பது நிமிடத்துக்காக நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

2

கெலுகோரில் எங்களுடையது வரிசை வீடு. முன்னால் காரை நிறுத்தக் கூரை போட்ட ஒரு இடம். கார் பாதி இடத்தில் நிற்கும், மீதிப் பாதி கிச்சாப்புக்கு. இங்கே சோயா சாஸைக் கிச்சாப் என்பார்கள். நாயும் அதே கறுப்பு. பெயர் வைத்தவள் என் மகள் கயல். அப்போது அவளுக்குப் பதினோரு வயது.

பக்கத்து வீட்டு ஆ கிம் ஆன்ட்டியின் நாய் போட்ட குட்டி இது. ஆன்ட்டி சீனர், எழுபதைத் தாண்டியவர், தனியாக இருக்கிறார். குட்டியாக இருந்தபோதே ஹொக்கியன் மொழியில் அதட்டி வளர்த்துவிட்டார். அதனால் கிச்சாப்புக்கு வா, போ, உட்கார் எல்லாம் ஹொக்கியனில் சொன்னால்தான் விளங்கும். நான் தமிழில் "உக்காரு" என்றால், யாரோ வழி தெரியாமல் வந்து நிற்கிறான் என்பது மாதிரி என்னைப் பார்க்கும். கடைசியில் நாயோடு குடும்பம் நடத்த நான்தான் நாலு வார்த்தை ஹொக்கியன் படித்தேன். அந்த நாலையும் வைத்துக்கொண்டு மார்க்கெட்டில் ஒன்றும் வாங்க முடியாது. மீன்காரரைப் பார்த்து உட்கார் என்றா சொல்ல முடியும்?

சாத்தூரில் எங்கள் தெருவிலும் ஒரு நாய் இருந்தது. மணி என்று பெயர். சித்திரை வெயிலுக்குக் குழாயடி ஈரத்தில் குழி பறித்துப் படுத்துக்கொள்ளும். ஒருநாள் பால்பாண்டி கையிலிருந்த சேமியா ஐஸ், குச்சியை விட்டுக் கழன்று மண்ணில் விழுந்தது. அவன் அழுவதற்காக வாயைத் திறந்தான். திறந்த வாயை மூடுவதற்குள் மணி அதை நக்கி முடித்துவிட்டது. எனக்குத் தெரிந்து சாத்தூரில் ஐஸ் தின்ற நாய் அது ஒன்றுதான்.

போன வருஷம் கயல் நில அளவைப் படிப்புக்காகக் கூச்சிங் போனாள். அதுவும் மலேசியாதான், ஆனால் நடுவில் கடல் கிடக்கிறது, விமானத்தில்தான் போக வேண்டும். அவள் பெட்டியைத் தூக்கிய நாளிலிருந்து கிச்சாப் சோற்றைப் பாதியில் விட்டுவிட்டு எழுந்து போனது. டைல் தரையில் நாலு காலையும் பரப்பி, நாக்கைத் தொங்கப்போட்டுக் கிடந்தது. நானும் உள்ளே ஏறக்குறைய அப்படித்தான் கிடந்தேன்.

ஞாயிறுதோறும் மாலை நாலு மணிக்குக் கயல் வீடியோவில் வருவாள்.

"பசியாறிட்டீங்களா பா?"

இங்கே காலைச் சாப்பாட்டைத்தான் பசியாறுவது என்பார்கள். இவள் மாலை நாலு மணிக்கும் அதையே கேட்பாள்.

"ஆச்சும்மா. நீ?"

"ஆச்சு."

"படிக்கிறியா?"

"படிக்கிறேன் பா."

"மழை உண்டா?"

"நேத்து பேஞ்சிச்சி."

"சரிம்மா, அப்ப வச்சிரட்டா?"

அவ்வளவுதான். ஒரு வாரம் முழுக்கக் காத்திருந்ததற்கு இரண்டு நிமிடம். பிள்ளை கையை விட்டுப் போகிறாளே என்று எனக்குப் பட்டது. தமிழும் வேறு தேய்ந்துகொண்டே வந்தது. ஒருநாள் அவள் அம்மாவிடம், "கிச்சாப் என்னா செய்றாரு? அப்பா எங்க இருக்கு?" என்று கேட்டது என் காதில் விழுந்தது. நாய்க்கு மரியாதை, எனக்கு அஃறிணை.

என் மனைவி செல்வி சுங்கை பினாங்கில் பிறந்து வளர்ந்தவள். அவளிடம் முறையிட்டேன். "புள்ளைக்கு எது வாயில வருதோ அது வரும் லா. இதெல்லாம் ஒரு கேஸா?" என்று, இந்த ஊர்ப் பேச்சின் 'லா'வையும் சேர்த்து முடித்துவிட்டாள்.

3

நாய் மெலிவதை முதலில் கவனித்தவர் ஆ கிம் ஆன்ட்டிதான். வேலிக்கு அந்தப் பக்கம் நின்றபடி ஒருநாள் என்னைக் கைதட்டிக் கூப்பிட்டார். நாங்கள் பேசிக்கொள்வது சந்தை மலாய். அதைத் தமிழில் எழுதுகிறேன்.

"உன் நாய்க்கு உடம்பெல்லாம் சூடு. ஐஸ் வைத்துக் கொடு. கோழியை வேகவை. உப்புப் போடாதே. வெங்காயம், பூண்டு போடவே போடாதே, நாய்க்கு அது விஷம். எலும்பை எடுத்துவிட்டுத் தண்ணீரை ஆறவைத்து உறைய வை. ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்குக் கொடு."

வெயில் கொளுத்துவது இரண்டு மணிக்குத்தானே, இவர் ஏன் நாலு மணி என்கிறார் என்று எனக்குத் தோன்றியது. ஆனால் நாய் விஷயத்தில் ஆன்ட்டியிடம் வாயைக் கொடுத்து மீண்டவர் யாரும் இல்லை. சரி என்றேன்.

முதல் ஐஸை எவர்சில்வர் கிண்ணத்தில் வைத்தேன். கிச்சாப் நக்க நக்கக் கிண்ணம் வழுக்கிக்கொண்டு ஓடியது. கிச்சாப் விரட்டியது. கிண்ணம் காருக்கு அடியில் போனது. கிச்சாப்பும் போனது. நான் தரையில் படுத்துத் துடைப்பத்தால் கிண்ணத்தை இழுத்துக்கொண்டிருந்தபோது கயலின் அழைப்பு வந்தது.

"பா! என்னா நடக்குது அங்க? கேமராவ கீழ வைங்க, கீழ வைங்க!"

போனைத் தரையில் சாய்த்து வைத்தேன். திரை முழுக்கக் கிச்சாப்பின் நாக்கு. அவள் கண்ணில் நீர் வரச் சிரித்தாள். ஐஸ் தீர்ந்தது. கிச்சாப் கிண்ணத்தை ஒருமுறை முகர்ந்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டது. "சரிம்மா, அப்ப வச்சிரட்டா?" என்று வைத்துவிட்டுப் பார்த்தால் பதினாலு நிமிடம். கூச்சிங் போன பிறகு அவள் என்னோடு பேசிய நீளமான பேச்சு அதுதான்.

பழுது பார்ப்பவனுக்கு இது போதாதா? ஐஸ் எவ்வளவு நேரமோ, பேச்சும் அவ்வளவு நேரம் என்று கண்டுகொண்டேன். அப்படியானால் ஐஸை நீட்டினால் பேச்சும் நீளும். மறுவாரம் கிண்ணத்துக்கு அடியில் ரப்பர் ஒட்டினேன். அதற்கடுத்த வாரம் பழைய ஐஸ்கிரீம் டப்பாவில் அடுக்கடுக்காக உறைய வைத்தேன். கீழே வெறும் தண்ணீர், நடுவில் கோழித் தண்ணீரில் மசித்த பூசணி, அங்கங்கே பிய்த்த கறி. கறி ஒரே இடத்தில் இருந்தால் கிச்சாப் அதைச் சுரண்டித் தின்றுவிட்டு எழுந்து போய்விடும். பரவலாக வைத்தால் அடுத்தது எங்கே என்று தேடித் தேடி நக்கும். இருபத்தாறு நிமிடம் ஆனது, முப்பத்தொன்று ஆனது, கடைசியில் நாற்பதைத் தொட்டது.

"மககிட்ட பேசறதுக்கு நாய்க்கு லஞ்சம் குடுக்கிற ஆள இப்பதான் லா பாக்கிறேன்" என்றாள் செல்வி.

சொல்லிவிட்டுப் போகட்டும். அந்த நாற்பது நிமிடத்தில் எத்தனை விஷயம் வந்தது தெரியுமா? அறைத்தோழி சீபுவைச் சேர்ந்த பெண், தூக்கத்தில் பேசுகிறாள். அளவெடுக்கப் போன ஆற்றங்கரையில் முதலை இருக்கிறது என்று பலகை வைத்திருக்கிறார்கள். கூச்சிங்கில் லக்சா நூடுல்ஸ் என்று எதையோ கொடுக்கிறார்கள், பினாங்கில் பிறந்த ஒருத்தியால் அதை லக்சா என்று ஒத்துக்கொள்ள முடியாது. எல்லாம் நாயைப் பார்த்துக்கொண்டே தானாக வரும் பேச்சு. நான் டப்பாவைப் பிடித்துக்கொண்டு "ம்" கொட்டுவேன்.

ஒரு ஞாயிறு அவள் கிச்சாப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என்னிடம் இல்லை, நாயிடம் சொன்னாள். "கிச்சாப், அக்கா ஒரு பேப்பர் ஃபெயில்."

வாயைத் திறந்தால் கெடுத்துவிடுவேன் என்று தெரிந்தது. டப்பாவைக் கொஞ்சம் திருப்பி வைத்துவிட்டு, "கிச்சாப், அடுத்த தடவ எழுதிக்கலாம்னு அக்காகிட்ட சொல்லு" என்றேன். கிச்சாப் தலையைத் தூக்கவே இல்லை. கயல் மூக்கை உறிஞ்சிக்கொண்டு சிரித்தாள். ஐஸ் இல்லாவிட்டால் அது என் காதுக்கு எப்போது வந்திருக்குமோ, வராமலே போயிருக்குமோ.

4

நாய் பேச்சு வந்ததால் இதையும் சொல்லிவிடுகிறேன். இங்கே நாய் வளர்க்க மாநகராட்சியில் உரிமம் எடுக்க வேண்டும். கிச்சாப்புக்கு எடுக்கப் போனபோது கவுண்டரில் இருந்த பெண் பெயரைக் கேட்டார். சொன்னேன். அவர் சிரித்தார், பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார், அவரும் சிரித்தார். சிரித்து முடிப்பதற்குள் கழுத்தில் மாட்டும் உரிம வில்லை கைக்கு வந்துவிட்டது.

என் நிரந்தர வசிப்புரிமைக்கு அப்போதுதான் நாலாவது முறையாகத் தாள்களை அடுக்கிக்கொண்டிருந்தேன். தப்பு முழுக்க என்னுடையது. ஒருமுறை புகைப்படத்தில் பின்னணி நிறம் மாறிப்போனது, ஒருமுறை அப்பா பெயரை என் பெயர் இருக்க வேண்டிய கட்டத்தில் எழுதினேன், ஒருமுறை கையெழுத்தே போடவில்லை. அது வந்து சேர மேலும் இரண்டு வருஷம் ஆயிற்று. அந்த இரண்டு வருஷமும் வீட்டில் தாள் சரியாக இல்லாத ஒரே ஜீவன் நான்தான். கிச்சாப் கழுத்தில் வில்லையோடு என் முன்னால் நடமாடும்போது எனக்கு வயிறு எரியும்.

5

தைப்பூசம் நெருங்கியது. கயல் அந்தப் பாடத்தில் தேற வேண்டும் என்று செல்வி பால்குடம் நேர்ந்துகொண்டாள். நாற்பத்தெட்டு நாள் விரதம். வீட்டுக்குள் கவிச்சி வாடையே ஆகாது.

"கிச்சாப்புக்குமா?" என்று கேட்டேன்.

"இந்த வீட்லதானே இருக்கு? அதுக்கும் விரதம்தான் லா."

தயிரில் பூசணியை மசித்து ஐஸ் வைத்தேன். கிச்சாப் மூன்று முறை நக்கியது. என் முகத்தைப் பார்த்தது. எழுந்து போய் ஆன்ட்டி வீட்டு வேலியோரம் படுத்துக்கொண்டது.

"அவரு ஏன் பா போயிட்டாரு?" என்றாள் கயல்.

"விரதம்மா."

"ஓ."

திரையில் வெறும் டப்பா. எனக்கு என்ன கேட்பதென்று தெரியவில்லை. "சரிம்மா, அப்ப வச்சிரட்டா?" என்றேன். நாலு நிமிடம். மறுவாரம் பப்பாளி வைத்தேன், மூன்று நிமிடம். அதற்கு மறுவாரம் தர்பூசணி. அன்றைக்குத்தான் அவள், "பா, தைப்பூசத்துக்கு வர முடியாது போல. அசைன்மெண்ட் இருக்கு" என்றாள். வைத்துவிட்டேன். அன்று மாலை டீயைக்கூட நான் முழுசாகக் குடிக்கவில்லை.

வெட்கத்தை விட்டு ஆ கிம் ஆன்ட்டி வீட்டுக்குப் போனேன். விஷயத்தைச் சொன்னேன். "உன் வீட்டில்தானே விரதம்? என் வீட்டில் இல்லையே" என்று பானையை எடுத்து அடுப்பில் வைத்தார். நான் கோழியைத் தொடவில்லை. பக்கத்தில் நின்று அளவு மட்டும் சொன்னேன். முருகனிடம் மனசுக்குள் ஒரு மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன். கொடியிலேயே சேவலை வைத்திருப்பவர், கோழி விஷயத்தில் அவரிடம் என்ன சமாதானம் சொல்வது?

ஆன்ட்டியின் ஃபிரீசரில் ஒரு விரல் வைக்க இடமில்லை. வருஷாவருஷம் தைப்பூசத்துக்கு அவர் எங்கள் தண்ணீர்ப் பந்தலுக்குக் குழாய் ஐஸ் செய்து தருவார். நீளமான பிளாஸ்டிக் குழாயில் ஆரஞ்சு சர்பத்தை ஊற்றி உறைய வைத்தது, நுனியைக் கடித்து உறிஞ்ச வேண்டும். பெட்டிகணக்கில் அடுக்கி வைத்திருந்தார். என் டப்பாவுக்கு வழியில்லை. அதனால் நானும் அதே குழாயில் கோழித் தண்ணீரையும் பூசணியையும் ஊற்றிச் சந்துபொந்துகளில் செருகினேன். குழப்பம் வரக்கூடாதே என்று என்னுடையவற்றுக்கு மட்டும் சிவப்பு ரப்பர் வளையம் போட்டேன். எங்கள் தொழிற்சாலையில் ஒரு பொருளில் சிவப்பு அட்டை தொங்கினால் ஒருத்தரும் அதன் பக்கம் போகமாட்டார்கள். ஆன்ட்டியுடையதெல்லாம் வெள்ளை வளையம். பக்கா ஏற்பாடு என்று என்னையே மெச்சிக்கொண்டேன்.

ஞாயிறு மாலையில் செல்வி பஜனைக்குப் போய்விடுவாள். நான் கிச்சாப்பை ஆன்ட்டி வீட்டு வாசலுக்குக் கூட்டிப் போவேன். மூன்று குழாயை உரித்துத் தட்டில் வைத்தால் முப்பத்தைந்து நிமிடம் ஓடியது. "பக்கத்து வீட்ல என்னா பா செய்றீங்க?" என்று கயல் கேட்டாள். "காத்து நல்லா வருது" என்றேன்.

6

தைப்பூசத்தன்று விடியும் முன்பே செல்வி பால்குடத்தோடு கிளம்பிவிட்டாள். ஆன்ட்டி மூன்று ஐஸ் பெட்டியில் அடைத்து வைத்திருந்த குழாய் ஐஸை நான்தான் பந்தலில் கொண்டுபோய் இறக்கினேன். முருகன் கோயில் இருக்கும் தண்ணீர்மலைக்குப் போகும் சாலையோரத்தில், செல்வியின் அண்ணன் ராஜேந்திரன் மச்சான் நடத்தும் பந்தல் அது. மச்சான் நல்ல மனுஷன், ஆனால் ஆசாரத்தில் கறார். வெங்காயம் தின்றவனைக்கூடப் பந்தலுக்குள் கரண்டி பிடிக்க விடமாட்டார்.

பத்து மணிவாக்கில் ஆன்ட்டியைக் கூட்டிவர மோட்டார் சைக்கிளில் வீட்டுக்கு வந்தேன். கிளம்பும் முன் கிச்சாப்புக்கு ஒரு குழாய் கொடுத்துவிட்டுப் போகலாமே என்று ஃபிரீசரைத் திறந்தேன். துடைத்துவைத்த மாதிரிக் காலி.

"ஆன்ட்டி, என் சிவப்பு வளையம் போட்டதெல்லாம் எங்கே?"

"எல்லாமே சிவப்புதான்" என்றார் ஆன்ட்டி பெருமையாக. "சாமிக்குப் போகிற பொருளுக்கு வெள்ளையா போடுவது? வெள்ளை துக்கத்துக்கு. உன் சிவப்பைப் பார்த்த பிறகுதான் எனக்கு உறைத்தது. நேற்று உட்கார்ந்து எல்லாவற்றுக்கும் சிவப்பு மாற்றினேன். எல்லாவற்றையும் பெட்டியில் போட்டேன்."

கடைசியாகப் பன்னிரண்டு ஊற்றியதில் போன ஞாயிறு மூன்று போக, மீதி ஒன்பது கோழிக் குழாய். ஒன்பதும் ஆரஞ்சு நிறம். ஒன்பதும் முருகன் சன்னிதிக்குப் போகும் வழியில், நாற்பத்தெட்டு நாள் விரதம் இருந்தவர்கள் கைக்கு எட்டும் தூரத்தில்!

விஷயம் புரிந்ததும் ஆன்ட்டி வாயைப் பொத்திக்கொண்டார். "நீ போ, நான் பின்னால் வருகிறேன், போ!"

எப்படி வண்டியை ஓட்டினேன், எங்கே நிறுத்தினேன், கூட்டத்தில் எப்படிப் புகுந்தேன் ஒன்றும் நினைவில்லை. பந்தலில் ஒரு பெட்டியை அப்போதுதான் திறந்திருந்தார்கள். ஒரு சின்னப் பெண் குழாயின் நுனியைப் பல்லில் வைத்துவிட்டாள். பாய்ந்து பிடுங்கினேன். அது சர்பத்துதான். பிள்ளை வீறிட்டு அழுதது. கெஞ்சிக் கூத்தாடி, நல்லதாகப் பார்த்து இரண்டாகக் கொடுத்து அனுப்பினேன்.

"என்னா மச்சான் செய்ற?" என்றார் ராஜேந்திரன்.

"தரம் பாக்கிறேன் மச்சான். பிளாஸ்டிக் கிழிஞ்சது ரெண்டு மூணு இருக்கும்போல."

"ஃபேக்டரிய இங்கயும் தூக்கிட்டு வந்துட்டியா? சரி சரி, சீக்கிரம் பாரு. ஆளு வருது."

மூன்று பெட்டியையும் மேசைக்கடியில் இழுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். எல்லாம் ஒரே நிறம், ஒரே கனம், ஒரே சிவப்பு வளையம். அந்த நேரம் பார்த்து போன் அடித்தது. கயல்.

"பா, அம்மா பால்குடம் பாக்கணும்."

"அம்மா மேல ஏறிட்டாம்மா. சரி, அப்ப வச்சி…"

"ஏன் பா மேசைக்கு அடியில உக்காந்திருக்கீங்க?"

சொல்லிவிட்டேன். வேறு வழியில்லை. கோழி, பூசணி, ஆன்ட்டி வீடு, சிவப்பு ரப்பர், ஒன்பது குழாய், எல்லாவற்றையும் குசுகுசுவென்று ஒப்பித்தேன். அவள் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள். அழுகிறாளோ என்று பார்த்தால் தோள் குலுங்கச் சிரிக்கிறாள்.

"சிரிக்காதம்மா, மாமா கொன்னுருவாரு."

"சரி பா, சரி. ஒவ்வொண்ணா வெயில்ல பிடிச்சி எனக்குக் காட்டுங்க. சர்பத்துன்னா வெளிச்சம் உள்ள போவும். பூசணின்னா போவாது லா."

பந்தல் துணியில் ஒரு கிழிசல் வழியாக வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. அதில் ஒவ்வொன்றாகக் காட்டினேன். "சர்பத்து. சர்பத்து. சர்பத்து. நில்லுங்க, திருப்புங்க. அது கோழி!" அளவைப் படிப்பு வீண்போகவில்லை. இரண்டாம் பெட்டியில் ஐந்து கிடைத்தது. மூன்றாம் பெட்டியில் மூன்று. முதல் பெட்டியில் மிச்சமிருந்ததில் ஒன்றுமில்லை.

"எட்டுதான் பா. இன்னொண்ணு?"

தலையை நீட்டிப் பார்த்தேன். ராஜேந்திரன் மச்சான் வேர்த்து ஊற்ற நின்றுகொண்டு, கையில் ஒரு குழாயை வைத்து ரப்பரைக் கழற்றிக்கொண்டிருந்தார். வெயில் அதன் மேல் விழுந்தது. உள்ளே போகவில்லை.

"மச்சான்! அது உருகிப்போனது, குடுங்க, நல்லது தரேன்!"

என் குரலில் அவரே பயந்து கையை விட்டார். ஒன்பதாவது குழாய் என் மடியில் விழுந்தது.

7

ஒன்பதையும் ஒரு பையில் கட்டி வண்டிப் பெட்டியில் பூட்டிவிட்டு, பந்தலுக்குப் பின்னால் ஒரு வாளியைக் கவிழ்த்து உட்கார்ந்தேன். போன் சட்டைப்பையில் சூடாக இருந்தது. எடுத்துப் பார்த்தால் கயல் இன்னும் திரையில் இருக்கிறாள். ஒரு மணி நேரம் ஏழு நிமிடம்.

"ஏன் பா இவ்ளோ ரிஸ்க் எடுத்தீங்க? விரதம் முடியற வரைக்கும் சும்மா விட்டிருக்கலாம்ல?"

பயம் தெளிந்த நேரத்தில் மனுஷனுக்குப் பொய் வராது. "ஐஸ் இருக்கிற வரைக்கும்தானேம்மா நீ பேசற" என்றேன். "அது தீந்தா வச்சிர்ற. கோழி இல்லன்னா மூணு நிமிசம். எனக்கு வேற என்ன வழி?"

அவள் சிரிக்கவில்லை.

"பா, நான் எப்ப வச்சேன்?"

"என்னம்மா?"

"எப்பவும் நீங்கதானே 'வச்சிரட்டா'ன்னு கேக்கிறீங்க. ஒரு தடவயாச்சும் நான் வச்சிருக்கேனா? உங்களுக்கு வேல இருக்குதுன்னு நெனச்சுக்குவேன். முன்னாடி வீட்லயும் கிச்சாப் சாப்பிடறப்ப மட்டும்தான் நீங்க பேச்ச முடிக்க மாட்டீங்க. அதனாலதான் ஆன்ட்டிகிட்ட சொன்னேன்."

"என்ன சொன்ன?"

"கிச்சாப்புக்கு வெயிலுக்கு ஐஸ் குடுக்க அப்பாகிட்ட சொல்லுங்க, நாலு மணிக்கு குடுக்க சொல்லுங்கன்னு. கையில ஒரு வேல இருந்தா அப்பா ஃபோன வைக்க மாட்டாருன்னு."

இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் தொழிற்சாலை விடுதியில் இருந்த போன்தான் கண்ணுக்குள் வந்தது. எண்பது பேருக்கு ஒன்று. ஞாயிற்றுக்கிழமை வரிசை படிக்கட்டு வரை நிற்கும். எனக்குப் பின்னால் நிற்பவன் இரண்டு நிமிடத்தில் இருமுவான், மூன்றாவது நிமிடம் தோளைத் தட்டுவான். அவனுக்கும் ஊரில் ஒரு அம்மா காத்திருப்பாள். நலமா, நலம், மழை உண்டா, சரி வச்சிரட்டா. அப்படிப் பேசிப் பழகிய வாய். அந்த விடுதியை விட்டு வந்து எத்தனையோ காலம் ஆகிவிட்டது. இருமுகிறவனை மட்டும் நான் கூடவே கூட்டிக்கொண்டு வந்திருக்கிறேன்.

இதைக் கயலிடம் சொன்னேன். இதுவரை சொன்னதில்லை. அந்த விடுதி, வரிசை, தோளைத் தட்டிய கை, எல்லாம். அவள் கன்னத்தில் கைவைத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். அங்கே நாயும் இல்லை, ஐஸும் இல்லை. மலையிலிருந்து மேளச் சத்தம் வந்துகொண்டிருந்தது. பேச்சு முடிந்து ஓர் இடைவெளி விழுந்தது. என் நாக்கு நுனி வரைக்கும் அந்த வார்த்தை வந்துவிட்டது. கடித்து விழுங்கினேன்.

"அப்புறம்?" என்றேன்.

"அப்பறம் என்னா… அந்த சீபு பொண்ணு இல்ல…" என்று ஆரம்பித்தாள்.

செல்வி மலையிறங்கி, நெற்றி நிறைய திருநீற்றோடு வந்தபோதும் நாங்கள் பேசிக்கொண்டுதான் இருந்தோம். என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "கோழிய எல்லாம் பத்திரமா எடுத்துட்டீங்களா?" என்றாள்.

"உனக்கு எப்படித் தெரியும்?"

"ஆன்ட்டி இப்பதான் ஓடியாந்து சொன்னாங்க. இல்லாட்டியும் பக்கத்து வீட்ல கோழி வேகறது என் மூக்குக்குத் தெரியாதா? புள்ளகிட்ட பேசறீங்களேன்னு விட்டேன் லா. முருகனும் அதுக்காகத்தான் விட்டிருப்பாரு."

8

கயலின் பரீட்சை முடிவு இன்னும் வரவில்லை. விரதம் முடிந்துவிட்டது. கிச்சாப்புக்குப் பழையபடி டப்பா ஐஸ், கோழி தாராளம். அந்த ஒன்பது குழாயையும் அதுவே இரண்டு வாரத்தில் தீர்த்துவிட்டது.

நேற்று ஞாயிறு. காலையிலேயே கிச்சாப்புக்கு ஒரு ஐஸை வைத்துவிட்டுப் பால்பாண்டியை நானாகவே கூப்பிட்டேன். நலம் விசாரித்தோம், மழை விசாரித்தோம். அதோடு எங்கள் சரக்கு தீர்ந்துவிட்டது. நான் வைக்கவில்லை. மணியையும் சேமியா ஐஸையும் பற்றிக் கேட்டேன். "அன்னைக்கு நீங்க உங்க ஐஸ்ல பாதி குடுத்தீகளேண்ணே" என்றான். எனக்கு அது மறந்தே போயிருந்தது. பிறகு அவன் மகன் படிப்பு, மூட்டுவலி, தெருவில் புதிதாகப் போட்ட சாக்கடை. திடீரென்று அவன் குரல் மாறியது.

"அண்ணே, ஒடம்பு கிடம்பு சரியில்லையா?"

"ஏன்டா?"

"இல்ல, அரமணி நேரமாச்சு. இன்னும் வைக்கலையே."

"ஒண்ணுமில்லடா. நாய் ஐஸ் தின்னுக்கிட்டு இருக்கு. அது முடிக்கட்டும்."

"சரிண்ணே, முடிக்கட்டும்" என்று அவன் சாக்கடைக் கதையைத் தொடர்ந்தான்.

கிச்சாப் எப்போதோ டப்பாவை நக்கி முடித்துவிட்டு, என் காலடியில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தது.